சைக்காலஜிஸ்ட் வேலையையும் வீட்டு வாழ்க்கையையும் பிரித்து வைப்பது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டாயிற்று, உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்த அத்தை மெல்லச் சாய்ந்து, "ஏத்தா, நம்ம சின்னவன் எந்நேரமும் போனும் கையுமாவே இருக்கான், நீதான் இதுக்குன்னே படிச்சிருக்கியே, ரெண்டு வார்த்தை பேசி விடேன்" என்கிறார். இந்த இடத்தில் தடுமாறாத புது சைக்காலஜிஸ்ட்டை நான் இன்னும் பார்த்ததில்லை. நானும் தடுமாறியவள்தான். சாம்பார் வருவதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த எட்டு மாதம் அந்தத் தலையாட்டலோடு மல்லுக்கட்டினேன்.

மதுரையில் சொந்தமாக கவுன்சிலிங் பார்க்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். எடுத்த எடுப்பில் உறவினருக்கு "முடியாது" சொல்லப் பழகுகிறார்கள். அது கடைசிப் பக்கம் வர வேண்டிய படி. கையில் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் முடியாது என்றால் அத்தை காதில் அது திமிராகத்தான் விழும், ரெண்டு நாளில் நீங்களே மனசு கேட்காமல் போன் போட்டுவிடுவீர்கள். அதனால் போன், பணம், அறை, கிளையன்ட், வீட்டார், அப்புறம் உறவினர் என்ற வரிசையில் போவோம்.

1. எதைப் பிரிக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டுக்குள் நுழைந்ததும் சைக்காலஜிஸ்ட் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. தையல்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் அடுத்தவர் பிளவுஸில் தையல் பிரிந்திருப்பது அவர் கண்ணில் படத்தான் செய்யும். பட்டுவிட்டுப் போகட்டும், அங்கேயே கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்தால் போதும்.

பிரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பை. ஒரு உரையாடல் தொழில் சார்ந்ததா என்று பார்க்க நான் நான்கு அடையாளங்கள் வைத்திருக்கிறேன். முன்கூட்டியே பேசிய நேரம் இருக்கிறதா, அதற்கென்று ஓர் இடம் இருக்கிறதா, கட்டணம் பற்றி (இலவசம் என்றால் இலவசம் என்றாவது) பேசியாயிற்றா, ரகசியம் காப்பது பற்றியும் குறிப்பு எழுதுவது பற்றியும் அவருக்குத் தெரியுமா. நான்கும் இருந்தால் நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள். ஒன்றுகூட இல்லையென்றால் நீங்கள் விஷயம் தெரிந்த ஒரு மகள், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர். ஆபத்து எங்கே என்றால், ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கும் நிலையில்தான். ரகசியம் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள், ஆனால் நேரமும் இடமும் பேசியிருக்க மாட்டீர்கள், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் கேட்டிருப்பீர்கள்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு, தொழில் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே தான் பொருந்தும், உளவியலாளரின் முழுக்க முழுக்கத் தனிப்பட்ட நடத்தை தன் எல்லைக்குள் வராது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு "அப்போ கல்யாண வீட்டில் நான் என்ன சொன்னாலும் பிரச்சினை இல்லை" என்று ஒரு மாணவர் சந்தோஷப்பட்டார். "முழுக்க முழுக்க" என்ற வார்த்தையை அவர் தாண்டிப் போய்விட்டார். நீங்கள் சும்மா சொன்னதை எதிரே இருப்பவர் நிபுணர் சொன்னதாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தினால், அது எப்படித் தனிப்பட்ட பேச்சாகும்? அதே தொகுப்பில் 3.05 என்ற பகுதி, ஒரே ஆளோடு இரண்டு விதமான உறவு வைப்பதைப் பற்றியது. உங்கள் நடுநிலையும் திறமையும் அதனால் கெட வாய்ப்பிருந்தால், அல்லது அந்த ஆளுக்குத் தீங்கு வர வாய்ப்பிருந்தால், அதில் இறங்கக் கூடாது என்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பிரிவினையே செல்லாது, அதை இங்கேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், அல்லது நடக்கப் போகிறது என்ற அச்சம் இருந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கடமை எல்லோருக்கும் உண்டு, தெரிந்தும் சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. செஷனில் கேட்டேனா, சித்தி வீட்டுத் திண்ணையில் கேட்டேனா என்று அங்கே கணக்குப் பார்க்க முடியாது.

2. போன்: இதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது

முதலில் வேலைக்கென்று ஒரு சிம் வாங்குங்கள். முடிந்தால் தனி போன், விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சிம் போடும் ஒரே போன் என்றால் வேலை எண்ணுக்கு வாட்ஸ்அப் பிசினஸ், சொந்த எண்ணுக்குச் சாதாரண வாட்ஸ்அப் என்று வைத்துக்கொள்ளலாம். பிசினஸ் செயலியில் வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போக வைக்க முடியும். அந்தப் பதிலில் எந்த நாள், எத்தனை மணிக்குள் பார்ப்பீர்கள் என்பதையும், அவசரம் என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் போட்டுவிடுங்கள். 24 மணி நேரமும் கிடைக்கும், இலவசம், தமிழிலும் பேசலாம்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், மற்ற எல்லாமே இந்த எண் வழியாகத்தான் ஒழுகும். சொந்த எண்ணைக் கிளையன்ட்டுக்குக் கொடுத்தால் உங்கள் மகளின் பிறந்தநாள் ஸ்டேட்டஸ் அவருக்குப் போகும், நீங்கள் ராத்திரி பதினொன்றரைக்கு ஆன்லைனில் இருந்தும் அவர் செய்தியைத் திறக்கவில்லை என்பது தெரியும், அடுத்த செஷனில் பாதி நேரம் அதற்கே போகும்.

இங்கே பலர் கோட்டை விடுவது எண்களைச் சேமிக்கும் இடத்தில். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் கிளையன்ட் எண்களை முழுப் பெயரோடு "கவுன்சிலிங்" என்று சேர்த்துச் சேமித்திருந்தார். அவருடைய கூகுள் கணக்குதான் வீட்டில் பையன் விளையாடும் டேப்லெட்டிலும் இருந்தது. மாமியார் டேப்லெட்டில் யாரையோ தேடப் போக, தெருவில் தெரிந்த ஒரு பெண்ணின் பெயர் "கவுன்சிலிங்" என்ற வாலோடு வந்து நின்றது. யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் ரகசியம் போய்விட்டது. ஆக, வேலை போனுக்குத் தனி கூகுள் கணக்கு, பெயருக்குப் பதில் உங்களுக்கு மட்டும் புரியும் எண்ணோ எழுத்தோ, பூட்டுத்திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாத அமைப்பு. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

சமூக வலைதளக் கணக்கை வேலை எண்ணோடு இணைக்காதீர்கள். தொடர்புப் பட்டியலை அது எடுத்துக்கொண்டால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் தம்பியின் படத்தைக் கிளையன்ட்டுக்கும், கிளையன்ட்டின் படத்தை உங்களுக்கும் நீட்டிக்கொண்டே இருக்கும்.

3. பணம்: யாரும் யோசிக்காத ஓட்டை

கட்டணத்தைச் சொந்தக் கணக்கின் ஜிபே எண்ணில் வாங்குவதுதான் வழக்கம். வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யூபிஐ வரவு ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயர் இருக்கும். அது கணவரோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கு என்றால், ஒரு மாதத்தில் உங்களிடம் வந்தவர்கள் பட்டியல் அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆடிட்டரிடமும் அதே காகிதம்தான் போகிறது.

தொழிலுக்குத் தனிக் கணக்கு தொடங்கி அதற்கு ஒரு கியூஆர் வாங்குங்கள். கணக்கின் பெயர் சாதாரணமாக இருக்கட்டும். "மனம்", "மைண்ட்" என்றெல்லாம் வைத்தால் கிளையன்ட்டின் வங்கிப் பதிவிலும் அதே பெயர்தான் விழும், வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவருக்கு அது தொல்லை. கையில் காசாகக் கொடுக்கிறேன் என்பவரிடம் காசாகவே வாங்கி ரசீது கொடுங்கள்.

4. இடம்

தனி அலுவலகம் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வீட்டிலேயே ஓர் அறையில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

தனி வாசல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தனி நேரமாவது வேண்டும். கிளையன்ட் வரும் நேரத்தில் ஹாலில் டிவி ஓடுவது, அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே "யார்ம்மா, எந்த ஊரு?" என்று கேட்பது, இதெல்லாம் நம் ஊரில் மரியாதை, ஆனால் அழுதுவிட்டு வெளியே வருகிறவருக்குத் தண்டனை. இரண்டு செஷனுக்கு நடுவே 20 நிமிடமாவது விடுங்கள். ஒருவர் செருப்பு மாட்டும்போது அடுத்தவர் செருப்பைக் கழற்றக் கூடாது.

அறைக்குள் குடும்பப் படம் வேண்டாம். குழந்தை வேண்டி ஐந்து வருடமாகச் சிகிச்சைக்கு அலைகிற ஒருவர் எதிரே உங்கள் இரட்டைக் குழந்தைகளின் மொட்டையடித்த போட்டோ தொங்குவதை யோசித்துப் பாருங்கள். குறிப்பேடுகள் பூட்டுள்ள அலமாரியில் இருக்கட்டும், சாவி வீட்டுச் சாவிக்கொத்தில் சேர வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலம் குன்றியவருக்குச் சிகிச்சை அளிக்கிறவர்கள் அந்தத் தகவலை ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. பிறருக்கு ஆபத்து வராமல் தடுப்பது, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளையும் அதே பிரிவு எண்ணிச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் "ஆலோசகரின் வீட்டில் உள்ளவர்கள் கேட்டால்" என்று எதுவும் இல்லை.

5. முதல் செஷனிலேயே சொல்லிவிட வேண்டியவை

கிளையன்ட்டிடம் எல்லையைப் பேச நல்ல நேரம், எந்த மீறலும் நடக்காத நேரம். அவர் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பிய மறுநாள் விதியைச் சொன்னால் அது விதியாக இருக்காது, கோபமாகத்தான் தெரியும். ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி முதல் நாளே சொல்லுங்கள். நான் சொல்வது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"வெளியில எங்கேயாவது பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். மரியாதைக் குறைவா நினைக்காதீங்க. கூட இருக்கிறவங்க 'யார் இது'ன்னு கேட்டா உங்களுக்குச் சங்கடம். நீங்களா வந்து பேசினா நானும் பேசுவேன், ஆனா இங்க பேசுற விஷயத்தை அங்க எடுக்க மாட்டேன்."

மதுரை மாதிரி ஊரில் இது வாரம் ஒருமுறை நடக்கும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், பிள்ளையின் பள்ளி வாசலில். சொல்லாமல் விட்டால் நீங்கள் கண்டும் காணாமல் போனதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்வார். வீட்டுக்காரரிடமும் முன்பே சொல்லி வையுங்கள், "யாராவது எனக்கு வணக்கம் வெச்சா யாருன்னு கேக்காதீங்க" என்று.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. மூன்று மாதம் உங்களிடம் பேசித் தேறிய பெண் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்து நிற்பாள். வாங்குங்கள், மனதார வாழ்த்துங்கள், போகாதீர்கள். போனால் மாப்பிள்ளை வீட்டார் "இவங்க யாரு" என்று கேட்பார்கள், அவள் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பொய்யை நீங்களும் காப்பாற்ற வேண்டியிருக்கும். மொய்க்கும் இதே கதைதான், ஒரு தடவை எழுதிவிட்டால் அது திரும்பி உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரும்.

பரிசுப் பொருளில் நான் அவ்வளவு கறார் இல்லை. தோட்டத்து மாம்பழம் நாலு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், மறுத்தால் அவர் வீட்டுப் படியேறிய ஒருவரைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அனுப்பிய மாதிரி வலிக்கும். பட்டுப்புடவை, தங்கம், கடையில் தள்ளுபடி, நிலத்தரகு உதவி இதெல்லாம் கிடையாது. பழம் சாப்பிட்டதும் தீர்ந்துபோகும். தள்ளுபடி தீராது, ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் நீங்கள் வாடிக்கையாளராகவும் இருக்க வேண்டும், ஆலோசகராகவும் இருக்க வேண்டும்.

திருமணமாகாத ஆலோசகர்களுக்கு ஒன்று. கிளையன்ட்டின் அம்மா உங்கள் ஜாதகம் கேட்டு வருவார். சிரிக்காதீர்கள், நடக்கிறது. "பிள்ளை உங்ககிட்டப் பேசின பிறகுதான் மனுசனா இருக்கான்" என்பார். அங்கே அவர் கேட்பது ஒரு தொழில் உறவைக் குடும்ப உறவாக மாற்றும்படி. முன்பு சொன்ன அமெரிக்க நெறிமுறைத் தொகுப்பு, இப்போது சிகிச்சையில் இருப்பவரோடு பாலுறவை முற்றாகத் தடுக்கிறது, முடிந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டு தடை, அதற்கு அப்புறமும் மிக அபூர்வமான சூழலில்தான் என்கிறது. என்னைக் கேட்டால் ஆண்டுக் கணக்கே வேண்டாம், வேறு வரன் பாருங்கள்.

6. வீட்டாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது

வீட்டில் இரண்டு விதமாக எல்லை உடையும். முதலாவது, கதை சொல்வது. பெயர் சொல்லவில்லையே என்று நினைப்போம். "பேங்க்ல வேலை பார்க்கிறவர், ரெண்டு பொண்ணு, அண்ணா நகர்ல வீடு" என்றாலே நம் ஊரில் ஆள் தெரிந்துவிடும். மனது பாரமாக இருந்தால் பாரத்தை மட்டும் சொல்லுங்கள்: "இன்னிக்கு ரொம்பக் கனமான நாள், கொஞ்ச நேரம் பேசாம இருக்கேன்." கதையைச் சூப்பர்வைசரிடம், அதாவது உங்கள் வேலையைக் கேட்டு வழிகாட்டும் மூத்த ஆலோசகரிடம், கொண்டுபோங்கள். பெயர் மறைத்து, நேரம் வாங்கி, அதற்கென்று இருக்கிற ஆளிடம். அதனால்தான் சூப்பர்வைசர் இல்லாமல் தனியாகத் தொடங்காதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன். அந்த ஆள் இல்லாவிட்டால் கதை சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும்.

இரண்டாவது இன்னும் மோசம். சண்டையில் தொழில் வார்த்தையை எடுப்பது. கணவர் ஏதோ கத்துகிறார், நீங்கள் நிதானமான குரலில், "நீங்க இப்போ உங்க அப்பா மேல இருக்கிற கோபத்தை என் மேல காட்டுறீங்க" என்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் அவர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று நோயாளி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டுவிட்டார். என் வீட்டில் ஒருநாள், "ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லு, குடுத்துட்டுப் போறேன்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பாடப்புத்தகத்தில் வரும் வார்த்தை எதுவும் சண்டையில் வரக் கூடாது, வந்தால் சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும். முதல் மாதம் முழுக்க நான்தான் கழுவினேன்.

பிள்ளைகளுக்கும் இதே விதிதான். மகன் கணக்கில் குறைவாக மார்க் வாங்கினால் கவனச் சோதனைத் தாளை எடுத்து நீங்களே உட்கார வைக்காதீர்கள். சொந்தப் பிள்ளைக்கு வைக்கும் சோதனையில் உங்கள் பயம்தான் மார்க் போடும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் மற்ற அம்மா அப்பா மாதிரி வரிசையில் நின்று வேறொருவரிடம் காட்டுங்கள்.

7. உறவினரும் நண்பரும் கேட்டால்

இப்போதுதான் அத்தைக்கு வருகிறோம். இதற்கு முன் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: நீங்களே நேரில் பேசிப் பார்த்த மூன்று ஆலோசகர்கள், ஒரு மனநல மருத்துவர், காசில்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வெளிநோயாளி நேரம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் வேலை போனில் இருந்தால் கல்யாண வீட்டில் பயன்படாது, சொந்த போனிலும் ஒரு பிரதி வையுங்கள்.

அப்புறம் பேச்சு. முதலில் உறவாகக் கேளுங்கள், இரண்டு நிமிடமாவது. "நான் குடும்பத்துல யாரையும் பார்க்கிறதில்ல" என்று எடுத்ததும் பலகை மாட்டினால் அத்தைக்கு வலிக்கும். கேட்டுவிட்டு, காரணத்தை நெறிமுறைப் பாஷையில் சொல்லாமல் அவர் பாஷையில் சொல்லுங்கள்.

"நான் பேசினா அவன் சொல்றதை உங்ககிட்டச் சொல்லக் கூடாது அத்தை. நீங்க கேப்பீங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அப்புறம் தீபாவளிக்கு வந்தா அவனும் என் முகத்தைப் பார்க்கக் கூசுவான். நல்லாப் பார்க்கிறவங்க ஒருத்தங்க இருக்காங்க, நானே அவங்ககிட்ட நேரம் கேட்டு வாங்கித் தர்றேன்."

மூன்றே துண்டுகள்தான்: கேட்டது, காரணம், கையில் ஒரு பெயர். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது. அத்தை சும்மா விடமாட்டார், "அங்கெல்லாம் காசு கேப்பாகளே" என்பார், அரசு மருத்துவமனையைச் சொல்லுங்கள். "வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா" என்பார், 14416க்கு வீட்டிலிருந்தே பேசலாம் என்று சொல்லுங்கள். "அப்போ நீ படிச்சு என்னத்துக்கு" என்பார். அதற்குப் பதில் கிடையாது, பாயசத்தைக் குடியுங்கள்.

நான் தலையாட்டிய கதை என்னவாயிற்று என்றால், பையன் மூன்றாவது பேச்சிலேயே மனம் திறந்தான். கல்லூரியில் ஏழு அரியர், வீட்டுக்குத் தெரியாது. அத்தை வாரா வாரம் போனில் "என்ன சொல்றான்?" என்றார், நான் "பேசிக்கிட்டு இருக்கோம்" என்றேன். விஷயம் வேறு வழியில் வெடித்தபோது, "உனக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனா நீ சொல்லல" என்று அத்தை பேச்சை நிறுத்தினார். நான்தான் சொல்லியிருப்பேன் என்று பையனும் பேச்சை நிறுத்தினான். ஆலோசகராக நான் செய்தது சரி, உறவுக்காரியாக அந்த வீட்டு வாசலை இரண்டு வருடம் மிதிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும், அதுதான் இதில் உள்ள கொடுமை.

யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்பதில் குழம்பினால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு வருடத்தில் இவரை ஒரு விசேஷத்தில் பார்ப்பேனா? இவர் யாரைப் பற்றியெல்லாம் பேசப்போகிறாரோ, அவர்களில் எனக்குத் தெரிந்தவர் உண்டா? ஃபீஸ் கேட்க நாக்கு கூசுமா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வேறு ஆளிடம் அனுப்புங்கள். தோழியின் அலுவலகத் தோழி, பால்காரரின் மச்சான் போன்றவர்களை இந்தக் கேள்விகள்தான் பிரித்துக் காட்டும்.

தகவல் சொல்வதில் தடையில்லை. தூக்கமின்மை என்றால் யாரைப் பார்ப்பது, மனநல மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் என்ன வேறுபாடு, மாத்திரையைத் தானாக நிறுத்தலாமா (கூடாது), இதெல்லாம் பொது அறிவு. "அவனுக்கு இது டிப்ரஷன்தான்" என்று ஆளைக் காட்டிப் பெயர் வைப்பதுதான் எல்லை தாண்டுவது.

8. சொந்தக்காரர் உயிருக்கு ஆபத்து என்றால்

இங்கே "நான் குடும்பத்தாரைப் பார்ப்பதில்லை" என்று ஒதுங்கக் கூடாது. ஒதுங்கவும் மாட்டீர்கள். ஆனால் சிகிச்சை கொடுக்கவும் இறங்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை, பதறாத ஒரு சொந்தம்.

செய்ய வேண்டியது: சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள், வழியில் 14416க்குப் பேசலாம், முயற்சி நடந்துவிட்டது என்றால் எதற்கும் காத்திராமல் 108. மருத்துவர் வந்ததும் "நானும் சைக்காலஜிஸ்ட்தான்" என்று நோய்ப் பெயர் சொல்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். அதற்குப் பிறகு சாப்பாடு கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் நீங்களே நொறுங்கியிருப்பீர்கள். அந்த வார அப்பாயின்ட்மென்ட்டுகளில் பாதியையாவது தள்ளிப்போடுங்கள்.

9. வேலை முடிந்து வீடு போகும் அந்த அரை மணி நேரம்

இதுவரை சொன்னது எல்லாம் மற்றவர்களைப் பற்றியது. உள்ளே ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தத் தனி ஏற்பாடு வேண்டும்.

கடைசி செஷன் முடிந்ததும் குறிப்பை அங்கேயே எழுதி முடியுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால், மறந்துவிடக் கூடாதே என்று மனது அதையே சுற்றிக்கொண்டிருக்கும். குறிப்புக்குக் கீழே "அடுத்த முறை கேட்க வேண்டியது" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி போதும், மனது பிடியைக் கொஞ்சம் விடும். வேலை போனை அணைத்து அறையிலேயே பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். நான் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நின்று யாரிடமும் பேசாமல் ஒரு டீ குடிப்பேன். கடைக்காரருக்கு என் தொழில் என்னவென்று தெரியாது, அதற்காகவே அந்தக் கடை. வீட்டிலேயே அறை வைத்திருக்கிறவர்கள் அறையைப் பூட்டிவிட்டுத் தெருவை ஒரு சுற்று சுற்றி வாசல் வழியாக வாருங்கள். பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

10. பொதுவெளியில் எழுதுவதும் பேசுவதும்

சொந்தக் கணக்கில் சினிமா, கிரிக்கெட், அரசியல் எதுவும் எழுதுங்கள், உரிமை உண்டு. பெயருக்குப் பக்கத்தில் "உளவியலாளர்" என்று போட்ட கணக்கில் எழுதினால் எல்லாமே தொழில் கருத்தாகத்தான் படிக்கப்படும். அதனால் இரண்டு கணக்கு, அல்லது ஒரே கணக்கு என்றால் தொழில் பெயர் இல்லாமல்.

பிரபலம் ஒருவர் மேடையில் கோபப்பட்டார் என்றால் சேனலில் இருந்து போன் வரும், "இது என்ன டிஸார்டர் மேடம்?" என்று. நேரில் பரிசோதிக்காத, அனுமதி தராத பொது மனிதரைப் பற்றி நோய்க் கருத்து சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தில் 1973 முதல் ஒரு விதி உண்டு, கோல்ட்வாட்டர் விதி என்பார்கள். அது மருத்துவர்களுக்கு எழுதியது, நமக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கோபத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிறேன் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களே போனை வைத்துவிடுவார்கள்.

"என்னிடம் வந்த ஒரு பெண்..." என்று தொடங்கும் பதிவுகளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விவரத்தை மாற்றிவிட்டேன் என்பீர்கள். அவருக்குத் தன் கதை தெரியும்.

11. ஏற்கெனவே எல்லாம் கலந்துபோயிருந்தால்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை. ஐந்தாறு வருடமாகச் சொந்த எண்ணில் கிளையன்ட்டுகளோடு பேசி, இரண்டு உறவினரைப் "பார்த்துக்கொண்டு" இருப்பவர்கள் ஒரே நாளில் கதவைச் சாத்தாதீர்கள். உங்களை நம்பி இருப்பவருக்கு அது கைவிட்ட மாதிரி.

முதலில் சூப்பர்வைசரிடம் முழுப் பட்டியலையும் வையுங்கள், வெட்கமாக இருந்தாலும். பிறகு உறவினர்களில் ஆபத்தான நிலையில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தவறு உங்களுடையது என்று சொல்லித் தொடங்குங்கள்: "நான் ஆரம்பத்திலேயே வேற ஒருத்தர்கிட்ட அனுப்பியிருக்கணும்." அவர் அதிகம் உரிமை எடுத்துக்கொண்டார் என்கிற தொனி துளியும் வரக் கூடாது. இரண்டு மூன்று சந்திப்பில் முடித்துக்கொண்டு, அவர் சம்மதத்தோடு புது ஆலோசகருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒருமுறை கேளுங்கள், அங்கே என்ன பேசினார் என்று கேட்காதீர்கள்.

கிளையன்ட்டுகளுக்குப் புது எண்ணை நேரில் சொல்லுங்கள், ஒரு மாதம் இரண்டு எண்ணும் ஓடட்டும். அதற்குப் பிறகு பழைய எண்ணுக்கு வருகிறவர்களுக்கு ஒரே வரி, புது எண்ணுக்கு வாருங்கள் என்று. அங்கேயே பதில் சொல்லிப் பழக்காதீர்கள்.

பழைய எண் தொல்லை என்று ஒரேயடியாக ரத்து செய்துவிடவும் கூடாது. துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். நாலு வருடம் முன்பு உங்களிடம் வந்த ஒருவர் என்றோ ஒரு ராத்திரி அந்த எண்ணைத் தேடி எடுத்து எழுதுவார், அது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கையில் போய் விழும். இருப்பதிலேயே குறைந்த ரீசார்ஜைப் போட்டு அந்த சிம்மைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.